பழுப்பு தீட்டிய நாலு ஏக்கர்

புவியியல் மாணவர்கள் இருபத்திரண்டு பேர், கையில் நிலவரைபடமும் கழுத்தில் திசைகாட்டியுமாகத் தவறான பேருந்தில் ஏறினோம். திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் நின்ற டவுன் பஸ் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஏதாவது ஒரு பாளையம் இருந்தது. நாங்கள் போக வேண்டிய பாளையம் கிழக்கே, ஊத்துக்குளிப் பக்கம். எங்கள் பஸ் எதிர்த்திசையில் போய், அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளின் தட்டல் ஓசைக்கு நடுவே எங்களை இறக்கிவிட்டது.

கண்டக்டர் எங்கள் வரைபடச் சுருளைப் பார்த்தார். "ஏனுங்க, இவ்வளவு பெரிய மேப்பு வெச்சிருக்கறீங்க, அதுல எங்க பஸ்ஸு போற வழி போட்டிருக்காதுங்களா?"

எங்கள் பேராசிரியர் மாசிலாமணி சாருக்கு அது பிடிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் தனியாக ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

சுனாமிக்கு அடுத்த புரட்டாசி அது. நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. புவியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் முதலில் எழுதியது பி.காம்.; மதிப்பெண் போதாமல் புவியியலில் தள்ளினார்கள். வேதாரண்யத்தில் என் மாமா, "உலக உருண்டையைச் சுத்தி விளையாடவா மூணு வருஷம்?" என்று கேட்டார். வகுப்பில் முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான். ஆனால் கைக்கு வந்த பாடத்தில் எனக்கு ஒன்று மட்டும் பிடித்துப்போயிற்று. வரைபடம் வரைவது. கோடு நடுங்காமல் இழுப்பேன். வண்ணப் பென்சிலைத் தேய்த்தால் திட்டுத்திட்டாகத் தெரியாமல் ஒரே சீராக விழும்.

மூன்றாம் ஆண்டில் ஐந்து நாள் களப்பணி உண்டு. ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சர்வே எண்ணிலும் நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துக் குறித்து, கிராம வரைபடத்தில் வண்ணம் தீட்டி ஒப்படைக்க வேண்டும். பயிருக்குப் பச்சை, கட்டடத்துக்குச் சிவப்பு, நீருக்கு நீலம், தரிசுக்குப் பழுப்பு. இதற்குத் தனித்தாள், தனி மதிப்பெண்.

தங்க இடம் கொடுத்தவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. சாருடன் பள்ளியில் படித்தவர். கம்பெனியின் பின்பக்கம் புதிதாகக் கட்டிய கிடங்கில் எங்களுக்குப் பாய் போட்டிருந்தார்கள். நான்கு சுவர்களிலும் கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். பெட்டிகளின் மேல் நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த துறைமுகங்களின் பெயர்கள் அச்சடித்திருந்தன. ஹாம்பர்க்கில் தலைவைத்து ராட்டர்டாமில் கால் நீட்டிப் படுத்தேன்.

முதல் நாள் அதோடு முடிந்தது. கம்பெனி வாசலில் இருந்த மஞ்சள் எஸ்.டி.டி. பூத்தில் ஒரு பீகார் பையன் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தான். இந்தி தெரிந்த வகுப்புத் தோழன் அந்தோணி கேட்டுச் சொன்னான்: "சாப்பாட்டுக்குக் குறையில்லை, ஆனால் மூன்று வேளையும் சோறுதான் போடுகிறார்கள், சோறு தின்று தின்று கண்ணை மூடிக்கொண்டு வருகிறது." பேசிவிட்டு வெளியே வந்த பையன் எங்களிடம் எந்த ஊர் என்று கேட்டான். வேதாரண்யம் என்றேன். அது எந்த மாநிலம் என்றான். அந்தோணி திசையன்விளைக்காரன். "ஏலே, உன் ஊரு மேப்புலயே இல்லை போல," என்று ஐந்து நாளும் இதைச் சொல்லியே சிரித்தான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் இட்லிக்கு நெய் ஊற்றினார்கள். மத்தியானம் அரிசியும் பருப்பும் ஒன்றாய் வேகவைத்த சோறு, அதன்மேல் மறுபடியும் நெய். எங்கள் பக்கம் நெய்யைக் கரண்டி நுனியால் காட்டுவார்கள். இங்கே குழிக்கரண்டியால் ஊற்றிவிட்டுப் போதுமா என்று கேட்டார்கள். முதலாளியே பந்தியில் நடந்து வந்து, "சாப்பிடுங்க கண்ணுகளா, கூச்சப்படாதீங்க," என்றார். அந்த உபசரிப்பில் பொய் இருந்ததாக இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலுக்கு என்ன செய்வது என்ற கவலைதான் கடைசியில் வந்து சேர்ந்தது.

இரண்டாம் நாள் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். எனக்கும் அந்தோணிக்கும் நொய்யல் ஆற்றங்கரை ஓரம் கிடைத்தது. வழிகாட்ட முதலாளி தன் கம்பெனி சூப்பர்வைசரை அனுப்பினார். பெயர் சுப்பிரமணி. முப்பத்தைந்து வயதிருக்கும். டி.வி.எஸ். மொபெட்டை எங்கள் நடை வேகத்துக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டே பேசினார். எக்ஸ்போர்ட், ஷிப்மெண்ட், ரிஜெக்ட் என்று பேச்சில் பாதி ஆங்கிலம். நல்ல வேடிக்கைக்காரர்.

"தம்பி, நீங்க படிச்சு முடிச்சா என்ன வேலைங்க?"

"மேப் வரையற வேலை அண்ணே."

"இருக்கற பூமியத்தான் வெள்ளைக்காரனே வரஞ்சுட்டானுங்களே. நீங்க என்னத்தைப் புதுசா வரையப்போறீங்க?"

எங்களிடம் இருந்த நிலவரைபடம் பழையது. அதில் ஆற்றின் இரு கரையிலும் தோப்புகளும் கிணறுகளும் வட்ட வட்டமாகக் குறித்திருந்தன. நேரில் கிணற்று வட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. பல கிணறுகளில் தண்ணீர் கறுத்த சிவப்பாக, கொதித்து ஆறிய டீத்தூள் நிறத்தில் நின்றது. வரப்பு ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நான் உப்பளத்து ஊர்க்காரன். குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் உப்புக்குக் கரிப்பு மட்டும்தான். இது கசந்தது.

எங்கள் பகுதியின் கடைசி நிலம் நாலு ஏக்கர். ஓரத்தில் ஓட்டு வீடு, இரண்டு எருமை, தலை சிறுத்துப்போன ஏழெட்டுத் தென்னை. நிலம் உழுது பரம்படித்துச் சுத்தமாக இருந்தது. மேலே ஒரு புல்கூட இல்லை. "இது எங்க காடுங்க," என்றார் சுப்பிரமணி. தோட்டம் துரவு எல்லாவற்றையும் இந்தப் பக்கம் காடு என்கிறார்கள். "எங்கண்ணன் சம்சாரம் பாத்துட்டிருக்குது. அண்ணன் தவறிட்டாருங்க."

அந்த அம்மாள் வெளியே வந்தார். நாற்பதைத் தாண்டியவர், பெயர் ருக்மணி என்று குறிப்பேட்டுக்காகக் கேட்டுக்கொண்டேன். எங்களைக் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். குடிக்கத் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "குடிங்க கண்ணு. கெணத்துத் தண்ணி ஊத்தலீங்க, லாரித் தண்ணிதானுங்க," என்றார். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கும் மீட்டரை அந்தோணி கிணற்றில் இறக்கினான். அளவு தாண்டிப் போனால் அந்த மீட்டர் வெறும் ஒன்று என்று காட்டும். ஒன்று என்று காட்டியது.

செல்போன் அடித்தது. சிக்னலுக்காகச் சுப்பிரமணி மேட்டுப் பக்கம் ஏறிப் போனார். அவர் முதுகு திரும்பியதும் அந்த அம்மாள் என் நோட்டைப் பார்த்தார்.

"என்னன்னு எழுதுவீங்க கண்ணு?"

இன்னும் எழுதவில்லை, தரிசு என்றுதான் வரும் என்றேன்.

"அய்யோ, அப்படி எழுதிறாதீங்க. சோளம் வெதச்சிருக்குதுங்க. இன்னைக்கோட மூணு நாளாச்சு. இந்த மண்ணுல மொளைக்கக் கொஞ்சம் தாமசமாவுமுங்க."

தீவனச் சோளம். அதை வைத்து எருமை, எருமையை வைத்து ஊத்துக்குளி வெண்ணெய்க் கடைக்குப் பால். முளைப்பது கால்வாசிதான் என்றாலும் வருஷம் தவறாமல் விதைக்கிறார். காரணத்தை அவரே சொன்னார். மாமனார் சாகும்முன் பத்திரத்தில் எழுதிவைத்துப் போயிருந்தார்: வெள்ளாமை நடக்கிறவரை இந்த நிலத்தைப் பிரிக்கவோ விற்கவோ கூடாது, நின்றால் அவரவர் இஷ்டம். பக்கத்து நிலங்களை வாங்கிவிட்ட முதலாளி சாயப்பட்டறை வைக்க இதையும் கேட்கிறார். கொழுந்தனார் கொடுத்துவிடலாம் என்கிறார்.

"போன வருஷமும் நாயம் பேசுனாங்க. அன்னைக்குக் காட்டுல பயிரு நின்னுட்டிருந்துச்சு. போங்கன்னுட்டேன். காடு போச்சுன்னா ஊடும் போயிருமுங்க. எருமைய எங்க கட்டறது, கண்ணு?"

சுப்பிரமணி திரும்பி வந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் நோட்டைத் திறந்தேன். களக் குறிப்பேட்டில் ஆறு பத்திகள் உண்டு. சர்வே எண், பரப்பு, உரிமையாளர், கண்ட நிலை, குறியீடு, குறிப்பு. கண்ட நிலையில் "பயிர் இல்லை" என்று எழுதினேன். கடைசிப் பத்தியில், "மூன்று நாள் முன் சோளம் விதைத்ததாக உரிமையாளர் சொல்கிறார்," என்று எழுதினேன். எழுதியதும் மனம் சமாதானம் அடைந்துவிட்டது. அவர் சொன்னதை மறைக்கவில்லை, பார்த்ததையும் மாற்றவில்லை. பின்னால் நான் சேர்ந்த பத்திரிகையிலும் இதைத்தான் நல்ல பழக்கம் என்று சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சாயப்பட்டறை. துணியைச் சாயத்தில் முக்கும் தொட்டிகளின் ஆவியில் மூச்சு முட்டியது. சாயம் துணியில் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுகிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. வாசலில் ஒரு லாரி உப்பு இறக்கிக்கொண்டிருந்தது. சாக்கில் வேதாரண்யம் என்று பச்சை மையில் அச்சிட்டிருந்தது. அந்தோணி என் தோளில் தட்டி, "மேப்புல இல்லன்னாலும் சாக்குல இருக்குலே," என்றான். எங்கள் தெருக்காரர்கள் வாரிக் குவித்த உப்பாக இருக்கலாம். முந்தின நாள் வரப்பில் நான் நக்கிப் பார்த்தது அதன் மிச்சமாகவும் இருக்கலாம். புவியியலில் இதற்குப் பாடம் இல்லை. சரக்கு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்வரைதான் எங்களுக்கு அம்புக்குறி போடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நான்காம் நாள் கிடங்கில் உட்கார்ந்து வரைந்தோம். எல்லோருடைய நோட்டிலிருந்தும் சேர்த்து ஒரு பெரிய வரைபடம். வண்ணம் தீட்டும் வேலை எனக்கு. காலை முழுக்கச் சிவப்பும் பழுப்பும் தேய்த்தேன். பச்சைப் பென்சில் கூர் மழுங்காமல் கிடந்தது. அந்த நாலு ஏக்கருக்கு வந்ததும் கை நின்றது. நோட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

"சோளம் விதைச்சிருக்கறதா சொன்னாங்க சார்."

"நீ பாத்தியா?"

"இல்ல சார். ஆனா குறிப்புல எழுதியிருக்கேன்."

"நல்லது. குறிப்பு நோட்டுல இருக்கட்டும். மேப்புல கண்ணால பாத்தது மட்டும்தான். ஆளாளுக்குச் சொல்றதை வெச்சு வரைஞ்சா அதுக்குப் பேரு மேப் இல்ல."

அவர் சொன்னது பாடப்புத்தகப்படி சரி. குறிப்புப் பத்திக்கு வரைபடத்தில் நிறம் கிடையாது. பத்திரத்தைப் பற்றியும் கொழுந்தனாரைப் பற்றியும் நான் அவரிடம் சொல்லவில்லை. குடும்ப விஷயம், களப்பணிக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தேன். திரும்பி வந்து பழுப்பு தீட்டினேன். திட்டில்லாமல் சீராக விழுந்தது.

அன்று மாலை சும்மாதான் இருந்தோம். அந்த நிலம் கிடங்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர். போய் இன்னொரு முறை பார்த்துவரலாமா என்று அந்தோணியிடம் கேட்கவும் செய்தேன். ஆனால் எல்லோரும் காதர்பேட்டைக்குக் கிளம்பினார்கள். ஏற்றுமதியில் கழித்துப்போட்ட பனியன்களை அங்கே குவித்துவைத்து விற்பார்கள். நானும் போனேன். ஒரு கை மற்றதைவிட விரற்கடை நீளமாக இருந்த பனியன் இரண்டு வாங்கினேன். திரும்பும்போது பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும். இந்த ஊரில் நூறடிக்கு ஒரு பேக்கரி. எல்லாவற்றிலும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். உட்கார யாருக்கும் நேரமில்லை.

ஐந்தாம் நாள் காலை வழியனுப்பும் கூட்டம். உபசரிப்புக்குப் பதில் மரியாதை என்ன செய்வது என்று சார் யோசித்திருந்தார். முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தி, எங்கள் வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நினைவுப் பரிசாகக் கொடுத்தார். கல்லூரிக்கு ஒரு நகல் போதும். கீழ்மூலையில் துறைத்தலைவராகச் சார் போட்ட கையெழுத்து, அவர் கையோடு கொண்டுவந்திருந்த கல்லூரி முத்திரை. அதற்குமேல் சின்ன எழுத்தில், "வண்ணம்" என்று போட்டு என் பெயர். எல்லோரும் கைதட்டினோம். கூட்டத்தின் பின்னால் நின்ற சுப்பிரமணி முன்னால் வந்து, சட்டத்தின்மேல் குனிந்து, ஆற்றங்கரை ஓரத்தை விரலால் தேடினார். தேடிக் கண்டுபிடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அளவெடுத்தாப்பல இருக்குதுங்க தம்பி," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். சாயக்கழிவு பற்றிய செய்திக்காகத் திருப்பூர் அனுப்பினார்கள். வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. இந்த முறை சரியான பஸ்ஸில் ஏறினேன்.

ஓட்டு வீடு இல்லை. தென்னைகள் இல்லை. நாலு ஏக்கரைச் சுற்றி ஆள் உயரத்துக்குமேல் சுவர், உள்ளே தகரக் கூரை, புகைபோக்கி. காவலாளியிடம் ருக்மணி என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எதிரே பேக்கரிக்காரருக்குத் தெரிந்திருந்தது. "அந்தக்கா இப்ப கைமடிக்குப் போகுதுங்க," என்றார். தைத்த பனியனைப் பிசிறு வெட்டி மடிப்பவர்களை அப்படிச் சொல்வார்கள். எந்தக் கம்பெனி என்று வழியும் சொன்னார்.

டீ இடைவேளைக்கு வெளியே வந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முழங்கைவரை நூல்பிசிறு ஒட்டியிருந்தது. "மேப்புக்காரத் தம்பிங்களா? எளச்சுட்டீங்களே," என்றார். கம்பெனி வாசலை ஒட்டிய பேக்கரியில் எனக்கும் சேர்த்து அவரே டீ சொன்னார். நடந்ததை நான்தான் கேட்டேன். அவர் குரலை உயர்த்தாமல், யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்.

"நீங்க ஊருக்குப் போனீங்கல்ல, அன்னைக்கு விடியக்காலம் மொளச்சிருந்துச்சுங்க. அங்கொண்ணு இங்கொண்ணுதான். ஆனா மொளச்சிருந்துச்சு."

நாங்கள் கைதட்டிய அதே காலை.

வெள்ளாமை நின்றுவிட்டது என்று சொல்லி, அந்த வாரமே பெரியவர்களைக் கூட்டி நாயம் வைத்தார் சுப்பிரமணி. முதலாளி அறையில் மாட்டியிருந்த வரைபடத்தைத் திருப்பூரில் கலர் ஜெராக்ஸ் எடுத்து, முத்திரையோடு கொண்டுவந்து விரித்தார். ருக்மணி வேரோடு பிடுங்கிய நாலைந்து சோள நாற்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தார்.

"நான் பயிரக் காட்டறேன், அவிய மேப்பக் காட்டறாங்க. ஒரு பெரியவரு சொல்றாரு, நாத்த நீ எந்தக் காட்டுலயும் புடுங்கியாந்திருக்கலாமாத்தா, காலேஜ்காரங்க ஊடு ஊடா வந்து பாத்து எழுதிருக்கறாங்க, அவிய பொய்யா எழுதுவாங்களான்னு."

"நேர்ல வந்து பாக்கலையா யாரும்?"

"ரெண்டு கிலோமீட்டருங்களே தம்பி. அந்த வெயில்ல யாரு வருவா?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதை எழுதினேன், அக்கா. நோட்டில் கடைசிப் பத்தியில் இருக்கிறது, அந்த நோட்டு இப்போதும் கல்லூரி அலமாரியில் இருக்கும் என்று சொன்னேன். சொல்லும்போதே அது யாருக்கும் உதவாத தகவல் என்று தெரிந்தது. மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். பனியன் கம்பெனி வாசலில், எதிரே ஆட்கள் போய்வர, அது வாயில் வரவில்லை.

"இருக்கட்டுமுங்க. நீங்க என்ன இல்லாததையா எழுதுனீங்க?" என்றார். முழங்கையில் ஒட்டிய பிசிறை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டார். கம்பெனிக்குள் இடைவேளை முடிந்த மணி அடித்தது. கிளம்பியவர் ஏதோ ஞாபகம் வந்ததுபோல நின்றார்.

"ஏனுங்க தம்பி, அந்த மேப்புக்கு உங்களுக்கு மார்க்கு நல்லா வந்துச்சுங்களா?"

வகுப்பில் முதல் மார்க்.

"வந்துச்சுக்கா."

"அப்பறம் என்னுங்க," என்றார். "டீ ஆறுது பாருங்க, குடிங்க."